பெட்டியில் 4 டிபி, திரையில் 2 டிபி

புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து வீட்டிலுள்ள பழைய கணினியில் மாட்டிப் பார்த்த பலருக்கும் முதலில் கடைக்காரர் மீதுதான் சந்தேகம் வருகிறது. பெட்டியின் மேல் 4 டிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கணினியோ 2 டிபி என்கிறது. 3 டிபி வாங்கியவருக்கு 746 ஜிபி என்று காட்டுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் சிலருக்குத் திரையில் ஒன்றுமே வருவதில்லை. "நல்லா ஏமாத்திட்டான்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் லோயாட் பிளாசாவுக்கு ஓடுகிறார்கள். அங்கே கடைக்காரர் தன் மேசையில் இருக்கும் புதிய கணினியில் அதே டிஸ்கைச் செருகுகிறார். முழு அளவும் பளிச்சென்று தெரிகிறது!

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கணினி பழுது பார்க்கும் தம்பிகளிடம் இதைக் கேட்டால், "அண்ணே, டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. உங்க கம்ப்யூட்டருக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது, அவ்வளவுதான்" என்பார்கள். கேலி போலத் தோன்றும். ஆனால் நடப்பது உண்மையிலேயே அதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் டிஸ்கில் படங்களை ஏற்ற ஆரம்பித்தால், வெறும் இட நஷ்டத்தோடு போகாது. ஏற்றிய படங்களும் போய்விடும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். 4 டிபி டிஸ்க் புதிய கணினியிலும் 3.63 டிபி என்றுதான் தெரியும். அது குறையல்ல. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்கிக் கணக்கிடுகிறது. ஒரே துணியை மீட்டரிலும் கெஜத்திலும் அளப்பது மாதிரி. 3.63 வந்தால் நிம்மதியாக இருங்கள். 2 வந்தாலோ 1.64 வந்தாலோ மேலே படியுங்கள்.

பழையதை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்?

"புதுக் கணினி ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்று பிள்ளைகள் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் பழைய கணினிகள் நம் வீடுகளிலும் கடைகளிலும் உட்கார்ந்திருப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, கல்யாண கேசட்டுகள். 1990களின் கடைசியிலும் 2000களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த திருமணங்கள், மஞ்சள் நீராட்டு விழாக்கள், 60ஆம் கல்யாணங்கள் ஏராளமானவை மினி டிவி என்ற சின்னக் கேசட்டில் பதிவானவை. அந்தக் கேசட்டைத் தரம் குறையாமல் கணினிக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற செருகுவாய் வேண்டும். இன்று கடையில் விற்கும் மடிக்கணினிகளில் அது கிடையாது. 2004, 2005 வாக்கில் வாங்கிய மேசைக் கணினியில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்றினால் சுமார் 13 ஜிபி பிடிக்கும். நிச்சயதார்த்தம், நலங்கு, தாலி கட்டு, விருந்து என்று ஒரு கல்யாணத்துக்கு நான்கு கேசட் என்றால் 52 ஜிபி. அந்தக் காலத்து 80 ஜிபி டிஸ்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் அடங்காது. ஆகவேதான் பெரிய டிஸ்க் தேடிப் போகிறோம்.

இரண்டாவது, கடைக் கணக்கு. விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள், அதோடு பேசும் ஊசி அச்சுப்பொறி. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் மேசைக்கடியில் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது காரணம் நமக்கே உரியது. யூனிகோடு பரவலாவதற்கு முன் தட்டெழுதிய தமிழ்க் கோப்புகள். நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல்தான் அந்நாளில் பலருக்கும் கணினித் தமிழின் வாசலாக இருந்தது. கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், தாத்தா எழுதி வைத்த குடும்ப வரலாறு என்று பலவும் அந்தக் காலத்து எழுத்துருக்களில் கிடக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தான் வரும். பழைய கணினியில்தான் தமிழாகத் தெரியும்.

இவற்றோடு 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத கணினிகள் நிறைய. பத்து வயதுகூட ஆகாதவையும் அவற்றில் உண்டு. "இதை வீசுவதா, படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியாக மாற்றிக்கொள்வதா?" என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழுந்திருக்கிறது. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பெரிய டிஸ்கோடு வந்து இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்.

கப்சாய் மீட்டர்

பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இலக்கம். 99,999 கிலோமீட்டர் ஓடிய பிறகு அடுத்த கிலோமீட்டரில் அது 00000 ஆகிவிடும். வண்டி 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மீட்டர் 20,000 என்றுதான் காட்டும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதில் ஏமாந்த கதைகள் நிறைய உண்டு.

ஹார்ட் டிஸ்க்கிலும் இதேதான். டிஸ்க் முழுவதும் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் 512 பைட் என்பது நெடுங்கால வழக்கம். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். படம் எந்த அறையில் இருக்கிறது என்பதைக் கணினி எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறது. அந்த எண்ணை எழுத எத்தனை இலக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டிஸ்கின் முதல் அறையில் ஒரு பொருளடக்க அட்டவணை இருக்கும். அதற்கு எம்பிஆர் என்று பெயர். 1983இல் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியை 10 எம்பி டிஸ்கோடு வெளியிட்ட காலத்தில் வந்த ஏற்பாடு அது. அறை எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். அதில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அறைக்கு 512 பைட் என்றால் சுமார் 2.2 டிபி. விண்டோஸ் கணக்கில் சரியாக 2 டிபி. 10 எம்பி டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கு இது எட்டாத உயரமாகத் தெரிந்திருக்கும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது 3 டிபி டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 586 கோடி அறைகள். மீட்டர் 429 கோடியில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து, மிச்சம் 157 கோடி அறைகளை மட்டும் காட்டுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 746 ஜிபி வரும். ஆரம்பத்தில் சொன்ன அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறதா? 4 டிபியில் 781 கோடி அறைகள், அது சுற்றினால் 1.64 டிபி.

ஆகவே திரையில் தெரியும் எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. நேராக 2 டிபியில் நின்றால், கணினிக்கு டிஸ்கின் முழு அளவும் தெரிகிறது, பழைய பாணி அட்டவணைதான் கையைக் கட்டுகிறது என்று பொருள். இது சுலபமாகத் தீரும். 746 ஜிபி, 1.64 டிபி போன்ற எண்கள் வந்தால், அட்டவணைக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்று, டிரைவர் மென்பொருளோ யுஎஸ்பி கேசிங்கில் உள்ள சில்லோ, எண்ணத் தெரியாமல் சுற்றுகிறது என்று பொருள். இதுதான் கவலைப்பட வேண்டிய ரகம்.

சுவர் மேல் சுவர்

இது முதல் தடவை நடப்பதல்ல. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. எல்லாம் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம். அதற்குப் பிறகு டிஸ்க் வளர வளர, கணினி ஒவ்வொரு சுவராக முட்டிக்கொண்டே வந்திருக்கிறது. 1990களில் 528 எம்பி ஒரு சுவர். அதைத் தாண்டியதும் 8.4 ஜிபி. சில கணினிகளில் 33.8 ஜிபியிலும் ஒரு தடை இருந்தது. டிஸ்க் தெரிந்தவுடனே கணினி அப்படியே உறைந்து நின்றுவிடும். அதைச் சமாளிக்க டிஸ்கின் முதுகில் ஒரு சின்ன ஜம்பரைப் போட்டு, 'நான் 32 ஜிபிதான்' என்று டிஸ்கையே பொய் சொல்ல வைத்தார்கள்.

அடுத்த பெரிய சுவர் 137 ஜிபி. டிஸ்கோடு பேசும் மொழியிலேயே அறை எண்ணுக்கு 28 பிட்தான் இருந்தது. அதை 48 பிட் ஆக்கினார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில்தான் இதற்கு முறையான ஆதரவு கிடைத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏழு இலக்கத் தொலைபேசி எண்கள் எட்டு இலக்கமானபோது என்ன பாடுபட்டோம்? கடைப் பலகைகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் திருத்தினோம். இங்கே திருத்த வேண்டியது கணினியின் பயாஸ், விண்டோஸ், டிரைவர் என்று மூன்று இடங்களில். ஒன்றில் விட்டாலும் போச்சு.

2010இல் 3 டிபி டிஸ்குகள் சந்தைக்கு வந்தபோது 2.2 டிபி சுவர் வீட்டுக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 3 டிபி டிஸ்கோடு தனியாக ஓர் இணைப்பு அட்டையையும் பெட்டிக்குள் போட்டே விற்றது. பழைய கணினிகள் அடையாளம் காணாது என்று தயாரிப்பாளருக்கே தெரிந்திருந்தது!

வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றதும் பெட்டாலிங் ஜெயா வாசகர்களுக்கு சுங்கைவே ஞாபகத்துக்கு வந்திருக்கும். 1970களிலேயே இங்கு கால் பதித்த நிறுவனம் அது. உலகெங்கும் கணினிகளுக்குள் சுழன்ற டிஸ்குகளில் கணிசமானவை நம் வீட்டுக்குப் பக்கத்தில், நம் அக்கா அண்ணன்மார் ஷிப்டு மாறி மாறிப் பேருந்து ஏறிப் போன தொழிற்பேட்டையில் உருவானவை. ஹார்ட் டிஸ்க் தேவை குறைந்து வருவதைக் காரணம் காட்டி, அந்தத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையில் அந்நிறுவனம் அறிவித்தது. உங்கள் பழைய டிஸ்கின் ஒட்டுத்தாளில் 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று இருந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

பாதி வரைக்கும் ஒழுங்காக இருக்கும்

சுவரில் முட்டி நின்றால் இடம்தான் நஷ்டம். சுவரைத் தாண்டிவிட்டதாகக் கணினி நினைத்துக்கொண்டால்தான் ஆபத்து.

இப்படி வைத்துக்கொள்வோம். புதிய கணினியில் தயார் செய்த 200 ஜிபி டிஸ்க் ஒன்றை, 137 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாத பழைய எக்ஸ்பி கணினியில் மாட்டுகிறீர்கள். டிஸ்கின் பெயர் தெரிகிறது, கோப்புகள் திறக்கின்றன. நம்பி, கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறீர்கள். பத்துக் கேசட் வரை ஒரு தொல்லையும் இல்லை. 137 ஜிபியைத் தாண்டும் அந்த நொடியில் மீட்டர் சுற்றுகிறது. 'அடுத்த அறை' என்று கணினி கேட்பது டிஸ்கின் முதல் அறைகளில் போய் விழுகிறது. அங்கேதான் பொருளடக்கம் இருக்கிறது, எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதன் மேலேயே அண்ணன் கல்யாணத்தின் 11ஆவது கேசட் எழுதப்படுகிறது. மறுநாள் கணினியைத் திறந்தால் டிஸ்க் காலி. ஒரு கேசட் அல்ல, எல்லாமே.

மைக்ரோசாஃப்டே எச்சரித்த நிலைமை இது. இதே வகை விபத்து 2.2 டிபி கோட்டில் பழைய யுஎஸ்பி கேசிங் சிலவற்றிலும், பழைய டிரைவர்களிலும் நேரலாம். மாதக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, ஒரு நாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கவிழ்வதால், டிஸ்க் பழுது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இணையத்தில் மலிவாக விற்கும் 'உள்ளங்கையில் அடங்கும் 16 டிபி' டிஸ்குகளின் மோசடியும் இதே தந்திரம்தான். உள்ளே ஒரு சாதாரண மெமரி கார்டு இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். முதல் சில ஆயிரம் படங்கள் ஒழுங்காக ஏறும். அதற்குப் பிறகு புதிய படம் பழைய படத்தின் மேலேயே விழும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஐம்பது அறுபது வெள்ளிக்கு 16 டிபி எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்கை முழுவதுமாக நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். படங்களை ஏற்றுவதற்கு முன், காலி டிஸ்கில், எந்தக் கணினியில் எந்தக் கேசிங்கோடு பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே இதை ஓட்ட வேண்டும். நேரம் பிடிக்கும். பழைய யுஎஸ்பி 2.0 வாசல் வழியாக 1 டிபி எழுதவே எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். 4 டிபி என்றால் எழுதிப் படிக்க மூன்று நாள். ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

உங்கள் கணினியில் என்ன இருக்கிறது?

விண்டோஸ் 7, 8, 10 எது ஓடினாலும் வேலை பெரும்பாலும் சுலபம். ஜிபிடி என்ற புதிய அட்டவணை இருக்கிறது. அறை எண்ணுக்கு 64 பிட். நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது நிரம்பாது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தைத் திறந்து, கீழே இடது புறம் 'டிஸ்க் 1' என்று இருக்கும் சாம்பல் கட்டத்தின் மேல் வலது சொடுக்கு செய்தால், ஜிபிடியாக மாற்றும் வாய்ப்பு வரும். டிஸ்க் காலியாக இருந்தால்தான் வரும். உள்ளே பகுதி ஏதும் இருந்தால் அந்த வரி மங்கலாகக் கிடக்கும். அதற்காக அவசரப்பட்டு பகுதியை அழித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்துக்கு நகலெடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. 'என் கணினி பழைய பயாஸ் ரகம், யுஇஎஃப்ஐ இல்லை, அதனால் ஜிபிடி வேலை செய்யாது' என்று நினைக்கிறார்கள். விண்டோஸையே அந்தப் பெரிய டிஸ்கில் நிறுவி அதிலிருந்து கணினியை இயக்கத்தான் யுஇஎஃப்ஐ வேண்டும். படங்கள் சேர்க்கும் இரண்டாவது டிஸ்காக மட்டும் வைத்துக்கொள்ள அது தேவையில்லை. விண்டோஸ் பழைய சின்ன டிஸ்கிலேயே இருக்கட்டும். முடிந்தால் 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுங்கள். அதற்காகும் செலவுக்குக் கணினியின் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

விண்டோஸ் 7 கணினியில் 746 ஜிபி வந்தால் இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரைப் பாருங்கள். 10.1க்கு முந்திய பதிப்பாக இருந்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். அதைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். டிஸ்கை மாற்றிக் கேட்டுக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டியதில்லை.

எக்ஸ்பி என்றால் என் ஆலோசனை வேறு. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியாது. ஜிபிடி டிஸ்கை மாட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல், 'பாதுகாப்புப் பகுதி' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஒரு காலத்தில் சில வெளி டிஸ்குகள் அறைக்கு 512க்குப் பதில் 4,096 பைட் என்று காட்டி, எக்ஸ்பியிலும் முழு அளவையும் திறந்துவிட்டன. பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது சிரமம். ஆகவே 2 டிபி டிஸ்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது சுவருக்கு இந்தப் பக்கம்தான். சர்வீஸ் பேக் 3 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கைப் பகுதி பிரிப்பதைப் புதிய கணினியில் செய்துகொண்டு வாருங்கள். எக்ஸ்பி பிரித்தால் இன்றைய டிஸ்குகளின் உள்ளமைப்போடு ஒட்டாமல், எழுதும் வேகம் குறைந்துவிடும்.

ஃபார்மட் செய்யும்போது என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 13 ஜிபி கேசட் பாதியில் நின்று, இடம் இருந்தும் இடமில்லை என்று கணினி சொல்லும். அதையும் டிஸ்க் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பெரிய டிஸ்கை வீட்டிலுள்ள புதிய கணினியில் மாட்டி, வீட்டு வலையமைப்பு வழியாகப் பழைய கணினிக்குப் பகிருங்கள். அப்போது பழைய கணினி அறை எண்களைக் கேட்பதே இல்லை. 'இந்தக் கோப்பை வை' என்கிறது, எண்ணும் வேலையைப் புதிய கணினி பார்த்துக்கொள்கிறது. ஆனால் எக்ஸ்பி பேசும் பகிர்வு முறையைப் பாதுகாப்புக் காரணத்துக்காகப் புதிய விண்டோஸ் மூடி வைத்திருக்கிறது. அதைத் திறப்பதானால் அந்த வேலை முடியும் வரை இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள், முடிந்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால்

டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள். சத்தமே இல்லையென்றால் மின்சாரப் பிரச்சினையாக இருக்கலாம். அண்மைய டிஸ்குகள் சிலவற்றில், மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்துகொள்' என்று பொருள். பழைய மின்பெட்டிகள் அதே ஊசியில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். கணினி எழுப்ப எழுப்ப, டிஸ்க் தூங்கிக்கொண்டே இருக்கும். நான்கு துளை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கம்பியைப் போட்டால் அந்த 3.3 வோல்ட் வராது, டிஸ்க் விழித்துக்கொள்ளும். கம்பி வாங்கும்போது முனை ஒரே பிளாஸ்டிக் உருண்டையாக வார்க்கப்பட்டதை வாங்காதீர்கள். அந்த மாதிரியானவை உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

வெளி டிஸ்கின் பெட்டியை உடைத்து, உள்ளே இருக்கும் டிஸ்கை நேராகக் கணினியில் மாட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. காலி டிஸ்க் என்றால் பரவாயில்லை. படங்கள் இருக்கும் டிஸ்கில் இதைச் செய்ய வேண்டாம். சில பெட்டிகளிலுள்ள சில் எல்லாவற்றையும் பூட்டி எழுதுகிறது. சில் இல்லாமல் அதைப் படிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது திரையில் வரும் ஒரு கேள்வி. 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்' அல்லது 'இனிஷியலைஸ் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கும். புதிய டிஸ்க் என்றால் சரி. ஏற்கெனவே படங்கள் இருக்கும் டிஸ்கில் இது வந்தால், 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்றுதான் அதற்கு அர்த்தம். டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. சம்மதம் சொல்லாமல் மூடிவிட்டு, டிஸ்கைக் கழற்றி, வேறொரு புதிய கணினியில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும்.

கிள்ளானில் இருப்பவர்கள் கேடிஎம்மில் கேஎல் சென்ட்ரல் வந்து, மோனோரயிலில் இம்பி நிலையத்தில் இறங்கினால் லோயாட் பக்கம்தான். போகும்போது பழைய கணினியையே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பயாஸ் திரையையும், டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தையும், பழைய டிஸ்கின் ஒட்டுத்தாளையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். விஷயம் தெரிந்த கடைக்காரருக்கு அந்த மூன்று படங்கள் போதும்.

ஒரே டிஸ்கில் எல்லாவற்றையும் போட்டு, அதை அதே கணினிக்குப் பக்கத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். ஒரு 4 டிபி வாங்குவதற்குப் பதில் இரண்டு 2 டிபி வாங்கி, இரண்டிலும் ஒரே படங்களை ஏற்றி, ஒன்றைத் தங்கை வீட்டு அடுக்குமாடியில் கொடுத்து வைக்கலாம். சுவர்ப் பிரச்சினையும் வராது. நனைந்த டிஸ்க் கையிலிருந்தால் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஈரம் காய்ந்தாலும் உள்ளே அழுக்கு இருக்கும், சுழலும்போது தட்டைக் கீறிவிடும். தரவு மீட்பவர்களிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரி.

பழைய தமிழ்க் கோப்புகளை நகலெடுப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. கோப்புகளை மட்டும் புதிய டிஸ்குக்கு மாற்றினால் போதாது. பழைய கணினியின் விண்டோஸ் அடைவுக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற அடைவு இருக்கும். அதையும் சேர்த்து நகலெடுங்கள். அந்த எழுத்துருக்கள் இருந்தால் தாத்தாவின் குறிப்புகளைப் புதிய கணினியிலும் தமிழாகவே படிக்கலாம், பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.